அம்மாவின் வலி வெறும் எண்ணா?

கேள்வி: எனக்கு வயது 26. மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் அம்மா புற்றுநோயில் இறந்தார். அதன் பிறகு இரவில் தூக்கம் வராமல் காணொளிகள் பார்க்கத் தொடங்கினேன். நம் பிரபஞ்சமே ஒரு பேரறிவு இயக்கும் சிமுலேஷன், அதாவது கணினியில் ஓடும் போலி உலகம் என்று அவற்றில் பலர் சொல்கிறார்கள். பிளாங்க் நீளம்தான் அதன் பிக்சல், ஒளியின் வேகம்தான் அதன் பிராசஸரின் எல்லை, இரட்டைப் பிளவுச் சோதனையில் நாம் பார்க்கும்போது மட்டுமே துகள் உருவாகிறது என்று ஆதாரம் காட்டுகிறார்கள். நாம் அசல் உலகில் இருப்பதற்கு நூறு கோடியில் ஒரு பங்குதான் வாய்ப்பாம். இப்போது தெருவில் நடக்கும்போதுகூட எல்லாம் ஒரு கண்ணாடிக்கு அப்பால் நடப்பதுபோல் இருக்கிறது. அந்தப் பேரறிவு திடீரென்று இதை அணைத்துவிட்டால்? அணைக்காமலிருக்க நாம் ஏதாவது செய்ய வேண்டுமா? அம்மா கடைசி மாதங்களில் பட்ட வலி, யாரோ ஓட்டிய நிரலின் எண்கள்தானா? ஆறுதல் வேண்டாம். இயற்பியலாளராக உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேட்டபடியே, தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். என் தொழிலே சிமுலேஷன்தான். புரோட்டானுக்குள் குவார்க்குகள் என்னும் இன்னும் சிறிய துகள்கள் எப்படிக் கட்டுண்டிருக்கின்றன என்பதைக் கணினியில் இயக்கிப் பார்ப்பதில் என் பணிக்காலம் முழுவதும் கழிந்திருக்கிறது. ஆகவே தத்துவத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் என் மேசையைக் காட்டுகிறேன்.

நாங்கள் வெளியையும் காலத்தையும் கட்டங்களாகப் பிரித்துக்கொள்வோம். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி, மீட்டரில் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அப்படி ஐம்பது அறுபது புள்ளிகள் அகலமுள்ள ஒரு பெட்டிதான் எங்கள் உலகம். அதில் ஒரு புரோட்டான் தாராளமாக அடங்கும், அவ்வளவே. வலப்பக்கச் சுவரைக் கடக்கும் துகள் இடப்பக்கமாக மீண்டும் நுழையும்படி வைத்திருப்போம். பெட்டி சிறிதாகிவிட்டால், துகள் சுவருக்கு அப்பால் தன் நகலையே உணரத் தொடங்கும். கணக்கில் வரும் நிறை சற்றே பிசகும். இந்த ஒற்றைப் பெட்டியை இயக்க மீத்திறன் கணினிகள் மாதக்கணக்கில் உழைக்கின்றன. 2008-இல் ஓர் ஐரோப்பியக் குழு இம்முறையில் புரோட்டானின் நிறையைக் கணக்கிட்டு, அளவீட்டோடு சில சதவீதத்துக்குள் பொருந்தக் காட்டியபோது எங்கள் துறையே கொண்டாடியது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிமுலேஷன் செய்பவர் முதலில் முடிவெடுப்பது, எதையெல்லாம் விட்டுவிடலாம் என்பதைத்தான். என் பெட்டியில் ஈர்ப்பு விசை கிடையாது. பல நேரங்களில் மின்காந்த விசையும் கிடையாது. கனமான குவார்க்குகளை வெளியே நிறுத்திவிடுவேன். வானிலைக் கணிப்புக்காரர்களும் இப்படித்தான். அவர்களின் ஒரு கட்டம் பல கிலோமீட்டர் அகலமாக இருக்கும். அதற்குள் எழுகிற ஒற்றை மேகத்தை அந்த நிரல் பார்ப்பதில்லை. சராசரியாக இவ்வளவு மேகம் என்று ஒரு சூத்திரத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். விட்டது எங்கேயாவது தலைகாட்டும். எந்த இடத்தில், எவ்வளவு என்று தேடிப் பிடிப்பதில்தான் எங்கள் நாட்கள் போகின்றன.

எனவே, பிரபஞ்சம் சிமுலேஷனா என்று யார் கேட்டாலும் எனக்குத் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: இதில் எது விடுபட்டிருக்கிறது?

இதே கேள்வியைத்தான் 2012-இல் சைலஸ் பீன், ஜோஹ்ரே தாவூதி, மார்ட்டின் சாவேஜ் என்ற மூன்று இயற்பியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூவரும் என் துறையை நன்கு அறிந்தவர்கள். பிரபஞ்சமும் எங்கள் பெட்டியைப் போலச் சதுரக் கட்டங்களில் இயங்கினால் அது எங்கே பிடிபடும் என்று கணக்கிட்டார்கள். கட்டம் என்றால் அச்சு இருக்கும். மிக உயர்ந்த ஆற்றல் கொண்ட துகளுக்கு அச்சின் வழியே ஓடுவதும் மூலைவிட்டத்தில் ஓடுவதும் ஒன்றாக இராது. ஆகவே விண்ணிலிருந்து வரும் அண்டக் கதிர்களில் சதுரக் கட்டத்தின் சாயல் தெரிய வேண்டும். நாம் ஏற்கெனவே பிடித்திருக்கும் கதிர்களின் ஆற்றலை வைத்தே, கட்டம் இருக்குமானால் அதன் இடைவெளி ஏறக்குறைய 10⁻²⁷ மீட்டரைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்று காட்டினார்கள். புரோட்டானின் அகலத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அர்ஜென்டினாவில் உள்ள பியர் ஓஜே ஆய்வகம் 2017-இல் அண்டக் கதிர்களில் ஒரு திசைச் சாய்வைக் கண்டது உண்மை. ஆனால் வானின் ஒரு பாதியில் சற்று மிகுதி, எதிர்ப்பாதியில் சற்றுக் குறைவு என்ற சாய்வு அது. அக்கதிர்கள் பால்வழி மண்டலத்துக்கு வெளியிலிருந்து வருகின்றன என்பதற்கு அது சான்றாயிற்று. சதுரத்தின் சாயல் எதுவும் அதில் இல்லை.

இனி உங்கள் காணொளிகள். பிளாங்க் நீளம் 1.6 × 10⁻³⁵ மீட்டர். ஈர்ப்பு மாறிலி, ஒளிவேகம், பிளாங்க் மாறிலி ஆகிய மூன்றையும் பெருக்கி வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும் நீளம் அது. அதற்குக் கீழே இன்றைய சமன்பாடுகளை நம்பிப் போக முடியாது, அவ்வளவுதான் பொருள். அங்கே பிக்சல் உட்கார்ந்திருப்பதாக எந்தச் சோதனையும் சொல்லவில்லை. 2009 மே மாதம் ஃபெர்மி விண்தொலைநோக்கி ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பிடித்தது. 730 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளி. வெளி சொரசொரப்பாக இருந்து, ஆற்றல் மிகுந்த ஒளித்துகளை அது தடுக்கிவிடுவதாக இருந்தால், அவ்வளவு தொலைவில் அந்தத் தாமதம் சேர்ந்து சேர்ந்து வெளியே தெரிந்திருக்கும். ஆற்றல் மிகுந்த துகளோ மற்றவற்றோடு ஒரு நொடிக்குள் வந்து சேர்ந்தது. அந்த வகையான சொரசொரப்பு பிளாங்க் அளவில்கூட இல்லை என்று சொல்ல அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது.

ஒளிவேகம் பிராசஸரின் எல்லை என்ற வாதத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. வெளியே இருக்கும் கணினி மெதுவாக ஓடினால் உள்ளே இருப்பவரின் கடிகாரமும் சேர்ந்தே மெதுவாக ஓடும். உள்ளிருந்து எந்த அளவுகோலை வைத்தும் அதை அளக்க முடியாது.

இரட்டைப் பிளவுதான் மிகவும் தவறாகச் சொல்லப்படுவது. இரண்டு பிளவுகளை நோக்கித் துகள்களை அனுப்பினால், அவை அலைபோல நடந்து திரையில் வரி வரியான குறுக்கீட்டுக் கோலத்தை உண்டாக்கும்; எந்தப் பிளவு வழியே போயின என்று பார்த்தால் அந்தக் கோலம் மறைந்துவிடும். 'பார்த்தல்' என்ற சொல்லால் வந்த குழப்பம் அது. அங்கே கண்ணோ மனமோ தேவையில்லை. 70 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளை வைத்து வியன்னாவில் ஒரு சோதனை நடந்தது. முடிவுகள் 2004-இல் வெளியாயின. மூலக்கூறுகளைச் சூடேற்றிக்கொண்டே போனார்கள். சூடேற ஏற அவை தாமாகவே வெப்ப ஒளியை உமிழ்ந்தன. அந்த ஒளி, மூலக்கூறு எந்த வழியில் போயிற்று என்ற தகவலைச் சுமந்துகொண்டு வெளியேறியது. குறுக்கீட்டுக் கோலம் படிப்படியாக மங்கிப் போயிற்று. அந்த ஒளியை யாரும் பார்க்கவில்லை. பார்க்கும் கருவியும் அங்கே இல்லை. தகவல் வெளியேறியதே போதுமாக இருந்தது.

அதைவிட முக்கியமான ஒன்றை அந்தக் காணொளிகள் சொல்வதில்லை. கணக்கை மிச்சப்படுத்த விரும்பும் எவரும் குவாண்டம் விதிகளைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். மேல், கீழ் என்று இரண்டே நிலைகள் கொண்ட துகள்கள் 300 இருந்தால் போதும். அவற்றின் முழு நிலையையும் எழுதிவைக்க 2³⁰⁰ எண்கள் தேவை. அது ஏறக்குறைய 10⁹⁰. நம் பார்வைக்கு எட்டும் பிரபஞ்சத்தில் உள்ள மொத்த அணுக்களே 10⁸⁰ அளவில்தான். குவாண்டம் இயற்கையைச் சாதாரணக் கணினியால் திறம்பட நடத்திக்காட்ட முடியாது, அதற்குக் குவாண்டம் விதிகளில் இயங்கும் கணினியே வேண்டும் என்று ரிச்சர்ட் ஃபைன்மன் 1981-லேயே சொன்னார். நான் விடுவதையே தொழிலாகக் கொண்டவன். இந்தப் பிரபஞ்சத்தில் எங்கே தோண்டினாலும் விட்டதற்கான அடையாளம் கிடைக்காமல், மேலும் மேலும் நுணுக்கமே கிடைப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இதை வைத்து நாம் சிமுலேஷனில் இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். 2017-இல் ஜோஹர் ரிங்கல், டிமிட்ரி கோவ்ரிஷின் என்ற இருவர், ஒரு குறிப்பிட்ட குவாண்டம் நிகழ்வைச் சாதாரணக் கணினி முறையில் கணக்கிடும் செலவு துகள்களின் எண்ணிக்கையோடு கட்டுக்கடங்காமல் பெருகுகிறது என்று காட்டினார்கள். 'நாம் சிமுலேஷனில் இல்லை, இயற்பியலாளர்கள் நிரூபித்தார்கள்' என்று உடனே செய்திகள் வந்தன. அவர்களின் கட்டுரை அதைச் சொல்லவே இல்லை. வெளியே வேறு விதிகளும் வேறு வகைக் கணினியும் இருக்கலாமே.

ஒரு தந்திரத்தையும் பார்த்துவிடுவோம். ஆட்டக்காரர் பார்க்கிற பக்கத்தை மட்டும் வரைந்து, முதுகுப் பக்கத்தை வரையாமல் விடுவது விளையாட்டு நிரல்களில் வழக்கம் என்பது உங்களுக்கே தெரியும். பேரறிவும் அப்படிச் செய்யலாமே என்பீர்கள். 1987 பிப்ரவரி 23 அன்று ஒரு விண்மீன் வெடித்தது வானில் தெரிந்தது. அதன் ஒளி 1,60,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்து வந்திருந்தது. செய்தி கேட்டதும், புரோட்டான் சிதைகிறதா என்று பார்ப்பதற்காக நிலத்தடியில் கட்டிவைத்திருந்த நீர்த்தொட்டிகளின் பதிவு நாடாக்களை எடுத்துத் தேடினார்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த இரு தொட்டிகளிலும், ஒளி தென்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே, ஒரே சமயத்தில், சில நொடிகளுக்குள், எதனோடும் எளிதில் மோதாத நுண்துகள்களான நியூட்ரினோக்கள் மொத்தம் இருபதுக்குச் சற்றுக் குறைவாகப் பதிவாகியிருந்தன. வெடிக்கும் விண்மீனின் கோட்பாடு எதிர்பார்த்த அளவில், எதிர்பார்த்த முறையில். அவை பதிவானபோது யாரும் அவற்றுக்காகக் காத்திருக்கவில்லை. பார்ப்பதை மட்டும் வரையும் நிரல், யார் எந்த நாடாவை என்று எடுத்துப் பார்ப்பார் என்பதையெல்லாம் முன்கூட்டியே அறிந்து, ஒன்றோடொன்று முரண்படாமல் எழுதிவைக்க வேண்டும். அவ்வளவு கணக்கையும் போடுவதற்கு விண்மீனையே முழுதாக நடத்திவிடலாம். பேரறிவால் அதுவும் முடியும் என்றால், மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. எதையும் செய்யவல்ல ஒன்றை எந்தச் சோதனையாலும் பிடிக்க முடியாது. அந்த இடத்தோடு இயற்பியல் விலகி நின்றுவிடும்.

நூறு கோடியில் ஒரு பங்கு என்ற எண்ணுக்கு வருகிறேன். அதைப் பரப்பியது 2016-இல் ஒரு மேடையில் எலான் மஸ்க் சொன்ன பேச்சு. அதன் வேர் தத்துவவாதி நிக் போஸ்ட்ரம் 2003-இல் எழுதிய கட்டுரை. அவர் சொன்னது மூன்றில் ஒன்று உண்மையாக வேண்டும் என்பது. நம்மைப் போன்ற நாகரிகங்கள் இப்படிப்பட்ட சிமுலேஷனை ஓட்டும் ஆற்றலை எட்டுவதற்குள் பெரும்பாலும் அழிந்துபோகும். அல்லது எட்டிய பிறகும் தம் முன்னோரின் வாழ்க்கையைச் சிமுலேஷனாக ஓட்ட விரும்பாது. அல்லது நாம் ஏறக்குறைய உறுதியாக ஒரு சிமுலேஷனுக்குள் இருக்கிறோம். இந்த மூன்றுக்கும் நம் நம்பிக்கையை ஏறத்தாழச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதே இப்போதைக்குத் தகும் என்று அதே கட்டுரையில் அவர் எழுதியிருக்கிறார். நூறு கோடி எங்கே, மூன்றில் ஒன்று எங்கே?

என் மனத்தாங்கல் வேறு. போஸ்ட்ரமின் வாதத்துக்கு வலு அதன் எண்ணிக்கையில் இருக்கிறது: அசல் மனிதர் இத்தனை பேர், நகல் மனிதர் இத்தனை மடங்கு. அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? நம் இயற்பியலின்படி எவ்வளவு பெரிய கணினி கட்டலாம் என்ற மதிப்பீட்டிலிருந்து. நாம் நகல் என்று முடிவு செய்தால், அந்த இயற்பியலே நிரல் எழுதியவர் நமக்கு வைத்த விதியாகிவிடுகிறது. வெளியுலகைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நின்ற கிளையையே வெட்டுவதுபோலத்தான். நீங்கள் அஞ்சும் பேரறிவு நம் சந்ததிகூட இல்லை. நாம் அறியாத ஏதோ ஒன்று. அதற்கு நம்மீது ஆர்வம் எதற்கு, எத்தனை முறை ஓட்டும் என்றெல்லாம் எண்ணத் தொடங்கவே அங்கே பிடிமானம் இல்லை. அந்த எண்ணை மனத்திலிருந்து துணிந்து எடுத்துவிடுங்கள்.

அணைத்துவிட்டால் என்று கேட்டீர்கள். எங்கள் கணினி மையத்தில் பராமரிப்பு வரும். ஓடிக்கொண்டிருக்கும் கணக்கை அப்படியே சேமித்துவிட்டு எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். சில சமயம் வாரக்கணக்கில் நிற்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். பெட்டிக்குள் அந்த இடைவெளிக்கு இடமே இல்லை; ஒரு கணத்துக்கு அடுத்த கணம் வருகிறது, அவ்வளவுதான். நீங்கள் இந்த வரியைப் படிப்பதற்குள் அப்படி ஆயிரம் முறை நின்றிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. நிரந்தரமாக நின்றாலும், நிற்பதைப் பார்க்க உள்ளே யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

அணைக்காமலிருக்க என்ன செய்வது என்பதற்கு 2001-இல் ராபின் ஹான்சன் என்ற பொருளியலாளர் ஒரு யோசனை எழுதினார். சிமுலேஷனில் இருக்கலாம் என்று நினைத்தால் பிறரைப் பற்றிக் குறைவாகக் கவலைப்படு, இன்றைக்காக வாழ், பார்ப்பவருக்குச் சுவாரசியமாக இரு என்ற போக்கில் போகிறது அது. இதை நான் முற்றிலும் மறுக்கிறேன். பார்ப்பவர் யார், எதை விரும்புவார் என்பதற்கு ஒரு துளித் தகவலும் இல்லாதபோது, அவருக்குச் சுவை சத்தமா மௌனமா என்று யார் அறிவார்? இல்லாத தகவலை வைத்து, பக்கத்தில் கண்முன்னே இருக்கும் மனிதரைப் பற்றிக் குறைவாகக் கவலைப்படச் சொல்வது எனக்கு ஏற்கத்தக்கதாகப் படவில்லை.

இப்போது உங்கள் அம்மா.

எங்கள் பெட்டியில் விட்டது, விட்டதுதான். ஈர்ப்பு விசையை நான் சேர்க்கவில்லை. ஆகவே அங்கே எதுவும் விழுவதில்லை. விழுவதுபோல் தோன்றுவதும் இல்லை. சேர்த்திருந்தால் விழும். உங்கள் அம்மாவுக்கு வலி இருந்தது. அதை அவர் அறிந்தார், பக்கத்தில் இருந்த நீங்களும் அறிந்தீர்கள். இந்தப் பிரபஞ்சம் எதனால் ஆனதாக இருந்தாலும், அந்த வலி விடுபட்டவற்றில் ஒன்றல்ல. ஏமாற்றும் சக்தி எவ்வளவு பெரிதானாலும், உணர்கிறவன் உணர்கிறான் என்பதை மட்டும் அதனால் பொய்யாக்க முடியாது என்று ரெனே டெகார்ட் 1641-லேயே கண்டார். உணர்வைக் கணினியில் உண்டாக்க முடியும் என்பது போஸ்ட்ரமின் கட்டுரையிலும் ஓர் அனுமானம்தான். அவரே அதை வெளிப்படையாக அனுமானம் என்று எழுதுகிறார். அந்த அனுமானம் பொய்யானால், வலியை உணர்ந்த உங்கள் அம்மா சிமுலேஷனில் இருந்திருக்கவே முடியாது. மெய்யானால், கணக்கிலிருந்து எழுந்த வலியும் முழு வலியே. 'வெறும் எண்' என்ற உங்கள் சொல்லுக்கு இரண்டு வழியிலும் இடமில்லை.

டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவவாதி சில ஆண்டுகளாக வலியுறுத்துவதும் இதை ஒட்டியதுதான். நாம் சிமுலேஷனில் இருப்பது தெரிய வந்தால், பொருள்கள் அடியில் எதனால் ஆனவை என்ற புதுச் செய்தி கிடைத்ததாகும். அவை பொய் என்று ஆகாது. தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தது என்று கண்டுபிடித்த நாளில் யாருடைய தாகமும் பொய்யாகவில்லை. இதில் அவரோடு எனக்கு முழு உடன்பாடு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். போஸ்ட்ரமின் இரண்டாவது வழி நினைவிருக்கிறதா? ஆற்றல் வந்த பிறகும் அப்படி ஓட்ட விரும்பாத நாகரிகங்கள். நான் அந்தப் பக்கம் சாய்பவன். ஓர் உயிரின் வலியை முழுமையாகப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அறிவு வளர்ந்த ஒன்று, அதைப் பார்ப்பதற்காக மீண்டும் ஓட்டிப் பார்க்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. இதை நிரூபிக்க முடியாது. இது என் நம்பிக்கை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் கண்ணாடிக்கு அப்பால் நடப்பதுபோல் இருக்கிறது என்ற உங்கள் வரியைப் படித்ததும் நிறுத்தி, மனநல மருத்துவரான என் நண்பரிடம் பேசினேன். உலகம் மெய்யில்லாததுபோல் தோன்றுவது அவர்களுக்கு நன்கு பழக்கமான ஒன்று. தூக்கமின்மையோடும் பெரிய இழப்போடும் பதற்றத்தோடும் அடிக்கடி சேர்ந்து வருவது. உதவியோடு மீளக்கூடியது என்றார். எட்டு மாதத் தூக்கமின்மைக்கு என்னிடம் மருந்து இல்லை. இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். அந்தக் கண்ணாடியை இயற்பியல் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நள்ளிரவுக் காணொளிகளையும் சில வாரங்களுக்கு நிறுத்திவையுங்கள். பகலில், தூங்கி எழுந்த பிறகு, இந்தக் கேள்விக்குத் திரும்பி வாருங்கள். அது அப்படியே காத்திருக்கும், அழகான கேள்விதான்.

நிரல் எழுதத் தெரிந்தவர் என்பதால் ஒரு வேலையும் தருகிறேன். சூரியன் ஒன்று, கோள் ஒன்று. நியூட்டனின் ஈர்ப்பு விதி. ஒவ்வொரு சிறு நேர அடியிலும், அந்த அடியின் தொடக்கத்தில் இருந்த மதிப்புகளை மட்டும் வைத்து, கோளின் வேகத்தையும் இடத்தையும் மாற்றுகிற மிக எளிய முறையில் ஐம்பது வரிக்குள் எழுதிவிடலாம். ஓடவிட்டுப் பாருங்கள். கோள் தன் பாதையில் நிற்காது. சுற்றுக்குச் சுற்று சூரியனைவிட்டு மெல்ல விலகும். நேர அடியைப் பாதியாக்கினால் விலகல் குறையும், ஆனால் நிற்காது. அது நீங்கள் விட்டதன் தடம்.

நிலவும் பூமியைவிட்டு விலகிக்கொண்டிருக்கிறது: ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர். 1969 முதல் அங்கே வைக்கப்பட்ட பிரதிபலிப்பான்களில் லேசரைப் பாய்ச்சி இதை அளந்துவருகிறார்கள். ஆனால் அந்த 3.8 சென்டிமீட்டருக்குக் கணக்கு இருக்கிறது. நிலவு எழுப்பும் கடல் ஏற்றத்தைப் பூமியின் சுழற்சி சற்று முன்னே இழுத்துச் செல்கிறது. அந்த நீர்மேடு நிலவை முன்னே இழுக்கிறது. பூமி அதே அளவுக்குச் சுழற்சியை இழக்கிறது. நம் நாள் மிக மெல்ல நீள்கிறது. ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் சேர்ந்திருக்கிறது.

உங்கள் கோள் எத்தனையாவது சுற்றில் தடம் மாறியது என்று எனக்கு எழுதுங்கள். மருத்துவரைப் பார்த்ததையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.